புளியிட்டுத் துலக்கிய பதக்கம்



கடந்த ஆகஸ்டு 15 அன்று, தேவதாயின் விண்ணேற்புத் திருநாள் பூசை முடிந்து ஆலய முற்றத்தில் தேசியக் கொடியை ஏற்றியபின், நாம் ஒலிபெருக்கியில் ஒரு செய்தியை அறிவித்தோம். நம் பங்கைச் சேர்ந்தவரும், 1984-ஆம் ஆண்டில் இறந்தவருமான ஒரு பெரியவர், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பணிபுரிந்து, ஜப்பானியப் பேரரசின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தைப் பெற்றவர் என்பதே அச்செய்தி. கூடியிருந்தோர் கைதட்டினர். மறைக்கல்விச் சிறுவர்கள் எழுந்து நின்று தட்டினர். இனிப்பு வழங்கிய பின்னரும் அதைப் பற்றிய பேச்சு ஓயவில்லை.

அச்செய்தியில் அவர் பெயரும், அவர் மலேயாவிலிருந்து திரும்பியவர் என்பதும் தவிர வேறெதுவும் உண்மையன்று. அதை மூன்று வாரம் கழித்து அதே ஒலிபெருக்கியில் திருத்திச் சொன்னோம். எனினும், திருநாளுக்கு வந்திருந்த வெளியூர் உறவினர் பலர் திருத்தத்தைக் கேட்டிருக்கமாட்டார்கள். இப்பத்திரிகை அவர்கள் இல்லங்களுக்கும் செல்வதால், நடந்ததை இங்கே எழுதிவிடுகின்றோம். நம்மைப் போலவே தகர டப்பாவில் பழைய பதக்கம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் இது பயன்படலாம்.

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய நாள் தொட்டு நம் பக்கத்தில் புதுவீடுகளுக்குக் குறைவில்லை. மாதம் மூன்று நான்கு வீடுகளேனும் மந்திரிக்க அழைப்பு வரும். ஜூலையில் அவ்வாறு சென்ற ஒரு வீடு, இவ்வூரின் பழைய குடும்பம் ஒன்றினுடையது. உருக்காலையில் வேலை பார்க்கும் தம்பி, கடன் பெற்றுக் கட்டிய வீடு. அவருடைய அத்தை, எழுபதைத் தாண்டிய மூதாட்டி, தீர்த்தம் தெளித்து முடித்தவுடன் உள்ளே சென்று ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார்.

"சாமி, இது எங்கப்பா மலாயாவிலேருந்து கொண்டாந்தது. இதையும் மந்திரிச்சுடுங்க" என்றார்.

பழைய வெள்ளி ரூபாயின் அளவுள்ள வெண்கல வட்டம். தங்கம்போல் பளபளத்தது. ஒரு புறம் குறுக்காக இரண்டு கொடிகள், அவற்றின்மேல் சிறகு விரித்த பறவை, பின்னே ஒளிக்கதிர்கள். மறுபுறம் மலை, மேகம், கடலலை, நடுவே நான்கு எழுத்துகள். மேலே தொங்கவிடும் பட்டையிலும் நான்கு எழுத்துகள். நீலமும் மஞ்சளும் சிவப்புமாய்க் கோடிட்ட பட்டு நாடாவில் பாதி பூச்சி அரித்திருந்தது. ஆண்டுதோறும் பாஸ்குத் திருநாளுக்கு முன்னர், குத்துவிளக்கோடும் செம்போடும் சேர்த்து இதையும் புளியிட்டுத் துலக்கி வைப்பது அந்த வீட்டின் வழக்கம் என்று மூதாட்டி பெருமையோடு கூறினார்.

தம்பி நம்மைத் தனியே அழைத்துச் செய்தியைச் சொன்னார். கைப்பேசியில் படமெடுத்துச் சென்னையிலுள்ள பழம்பொருள் வணிகர் ஒருவருக்கு அனுப்பினாராம். இது ஜப்பானியரின் 'தங்கப் பருந்து' விருது, மிக அரியது என்று வணிகர் கூறினாராம். பதக்கத்திற்கு மட்டும் 20,000 ரூபாய். ஆனால் பெரியவர் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர், ஜப்பானிய அதிகாரிகள் கையால் இதைப் பெற்றவர் என்று குடும்பத்தார் ஒரு கடிதமும், அதை உறுதிப்படுத்திப் பங்குக் குரு ஒரு கடிதமும் ஆலய முத்திரையோடு தந்தால் 2 இலட்சம். தம்பியின் மகனுக்குப் பொறியியற் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. முதற்கட்டணம் கட்டவேண்டிய நாள் ஆகஸ்டு மாத இறுதி.

நாம் தயங்கினோம் என்று எழுத ஆசைதான். தயங்கவில்லை. மலேயாவில் தோட்டக்காட்டுத் தமிழர் ஆயிரக்கணக்கில் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள் என்பது உலகறிந்த வரலாறு. 1943 ஜூலையில் அவர் சிங்கப்பூர் வந்ததும், அவ்வாண்டு அக்டோபர் 21-இல் தற்காலிக அரசை அறிவித்ததும், கேப்டன் இலட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணி படையில் இரப்பர்த் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி ஏந்தியதும் நாம் மாணவப் பருவத்தில் ஆர்வத்தோடு படித்தவை. அப்படிப்பட்ட ஒருவர் நம் கல்லறைத் தோட்டத்தில் உறங்குகிறார் என்றால் நமக்கும் பெருமையன்றோ! ஆகஸ்டு 14 மாலையில் கடிதத்தைத் தட்டச்சு செய்து கையொப்பமும் இட்டுவிட்டோம். முத்திரை பதிக்க மை உலர்ந்திருந்ததால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று மேசை அறையில் வைத்தோம். நம்மைக் காத்தது அந்த உலர்ந்த மை.

கொடியேற்றம் முடிந்ததும் வார்ப்பாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் பங்குச் சகோதரர் ஒருவர், பதக்கத்தைப் பார்க்க ஆவலாக வந்தார். ஐயுறவினால் அன்று, உலோகத்தைக் கண்டால் கை சும்மா இராத மனிதர் அவர். மறுநாள் பூதக்கண்ணாடியும் வெர்னியர் அளவுகோலும் கொண்டுவந்தார். அவரிடம் அன்று நாம் கற்ற பாடம் சிறிதன்று.

பதக்கங்களைப் போலியாகச் செய்வோரில் பெரும்பாலோர், உண்மையான ஒன்றை எடுத்து அதன் படிவத்தை மணலிலோ இரப்பரிலோ பதித்து, அதில் உருகிய உலோகத்தை ஊற்றுகின்றனர். உண்மையானவையோ எஃகு அச்சுகளுக்கிடையே உலோகத் தகட்டை வைத்துப் பேரழுத்தத்தில் அடிக்கப்பட்டவை. அடித்ததில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும்; பின்தளம் கண்ணாடிபோல் இறுகியிருக்கும். ஊற்றியதில் ஓரங்கள் மழுங்கும். ஊசி குத்தினாற்போன்ற காற்றுத் துளைகள் தெரியும். விளிம்பைச் சுற்றி இரு படிவங்கள் பொருந்திய தழும்பும், அதை அரத்தால் அராவிய கீறலும் இருக்கும். இவற்றையெல்லாம் கைத்திறனால் மறைத்துவிடலாம், ஒன்றை மட்டும் மறைக்க முடியாது என்றார் அவர். "வார்ப்பு என்றால் சுருங்கும், ஃபாதர். வெண்கலம் நூற்றுக்கு ஒன்றரை பங்கு சுருங்கும். முப்பது மில்லிமீட்டர் பதக்கத்தைப் பார்த்து ஊற்றினால் இருபத்தொன்பதரைதான் வரும். உலோகம் பொய் சொல்லாது" என்று கூறி வெர்னியரை வைத்தார். சரியாக முப்பது.

அவரே நாடாவையும் சோதித்தார். கடைத்தெருவில் ரூபாய் நோட்டைப் பார்க்கும் ஊதா விளக்கை வாங்கி வந்து இருட்டறையில் காட்டினார். இக்காலச் செயற்கை இழைகளிலும், வெண்மை கூட்டும் இரசாயனம் ஏறிய நூலிலும் அவ்வொளி பட்டால் நீலமாய் மின்னும். இது மின்னவில்லை. அரித்த ஓரத்திலிருந்து ஒரே ஓர் இழையை எடுத்துச் சுடரில் காட்டியபோது முடி கருகிய நாற்றம் வந்தது, பட்டுதான். அகலமும் 37 மில்லிமீட்டர். பிரித்தானியப் பதக்க நாடா 32 மில்லிமீட்டர்தான். ஜப்பானியருடையது அதைவிட அகலம் என்பதைப் பின்னர் அறிந்தோம்.

ஆகப் பொருள் உண்மையானது. நாம் மகிழ்ந்தோம். ஆனால் பொருள் உண்மை என்பதற்கும், அதைப் பற்றிச் சொல்லப்படும் கதை உண்மை என்பதற்கும் உள்ள தூரத்தை அப்போது நாம் எண்ணிப் பார்க்கவில்லை. குருமடத்தில் மறைநூல் விமர்சனப் பாடத்தில் இதையே இரண்டு ஆண்டுகள் படித்தோம் என்பதை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது. ஏடு பழையது என்பதனால் ஏட்டின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டும் பழையதாகிவிடாது என்று எங்கள் பேராசிரியர் மேசையைத் தட்டிச் சொல்வார்.

எழுத்துகளைப் படிக்க ஆள் வேண்டியிருந்தது. நம் எல்லையைக் கடந்து ஆந்திரத்துக்குள் கால் வைத்தவுடன் இருக்கும் ஸ்ரீசிட்டியில் ஜப்பானிய நிறுவனங்கள் பல இயங்குகின்றன. அங்கே வேலை செய்யும் நம் பங்கு இளைஞர் ஒருவர், தம் மேலதிகாரியான ஜப்பானியப் பொறியாளரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அழைத்து வந்தார். அறுபதை நெருங்கும் அமைதியான மனிதர். காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து, பதக்கத்தை இரு கைகளாலும் வாங்கினார். நெடுநேரம் பேசவில்லை.

பிறகு இளைஞர் மொழிபெயர்க்க அவர் சொன்னவை இவை. தொங்கு பட்டையிலுள்ள நான்கு எழுத்துகள், 'போர்ப்பணி நினைவுச் சின்னம்' என்னும் பொருளுடையவை. பழைய வழக்கப்படி வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும். பின்புறமுள்ள நான்கும் 'சீன நிகழ்ச்சி' எனப் பொருள்படும். 1937-இல் ஜப்பான் சீனத்தின்மேல் தொடுத்த பெரும்போரை அந்நாட்டு அரசு போர் என்று சொல்லாமல் 'நிகழ்ச்சி' என்றே குறிப்பிட்டது. இலட்சக்கணக்கானோர் மாண்டது ஒரு நிகழ்ச்சியாம்! அதில் கலந்துகொண்டோருக்கென 1939-இல் ஏற்படுத்தப்பட்ட பதக்கம் இது. பெருந்தொகையாய் வழங்கப்பட்டது. அரியது அன்று. சேகரிப்போர் சந்தையில் சில ஆயிரம் ரூபாய்க்கு மேல் பெறாது. புளியிட்டுத் துலக்கியதால் அதுவும் குறையும்.

"அப்படியானால் தங்கப் பருந்து?" என்று கேட்டார் தம்பி. அவர் முகத்தைப் பார்க்க நமக்கு மனம் வரவில்லை.

அங்கேதான் ஒரு சுவையான குழப்பம் இருந்தது. ஜப்பானின் முதற் பேரரசர் எனப் புராணம் கூறும் ஜிம்முவின் கதையில் இரண்டு பறவைகள் வருகின்றன. மலைக்காட்டில் வழி தவறிய அவருக்கு வழிகாட்ட விண்ணிலிருந்து அனுப்பப்பட்டது ஒரு காகம். மூன்று கால்களை உடையதாகச் சித்திரிப்பர். போர்க்களத்தில் அவருடைய வில்லின் நுனியில் வந்தமர்ந்து, தன் ஒளியால் பகைவர் கண்களைக் கூசச் செய்தது ஒரு தங்கப் பருந்து. பருந்தின் பெயரால் 1890-இல் ஏற்பட்டதே வீர விருது. அது ஏழு வகுப்புகளைக் கொண்டது. கதிர் வடிவில் எனாமல் பூசிய விண்மீன். நாடா பச்சை நிறம், ஓரத்தையொட்டி வெள்ளைக் கோடு. நம் கையிலிருந்த வட்டமான வெண்கலத்திற்கும் அதற்கும் உருவத்தில் ஒப்புமையே இல்லை. நம்முடையதில் கொடிகளின்மேல் அமர்ந்திருந்தது வழிகாட்டிய காகம். கால்பந்து பார்க்கும் பிள்ளைகள் அதை அறிவார்கள். ஜப்பானியக் கால்பந்துச் சங்கத்தின் சின்னமும் அதுவே. நம் பதக்கத்திலோ பறவையின் கால்கள் எத்தனை என்று எண்ணமுடியாதபடி எழுபதாண்டுப் புளி தேய்த்துவிட்டிருந்தது. காகத்தைப் பருந்தாக்க வணிகருக்கு அதுவே போதுமானதாயிற்று, நமக்கும்தான்.

தங்கப் பருந்து விருதுகூட முழுவதும் அரியதன்று என்று பொறியாளர் கூறியது நமக்கு வியப்பளித்தது. அவ்விருது 1947-இல் ஒழிக்கப்படும்வரை எல்லா வகுப்புகளிலும் சேர்த்துப் பத்து இலட்சத்திற்கு மேல் வழங்கப்பட்டதாம். ஆறாம், ஏழாம் வகுப்புகளே மிகுதி. முதல் வகுப்பைப் பெற்றோர் 41 பேர்தான். உண்மையில் அருமையானது, 1944-இல் ஏற்படுத்தப்பட்ட பெருங்கிழக்காசியப் போர்ப் பதக்கம். அதை முறையாக வழங்குமுன் நாடு தோற்றது. செய்தவற்றில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. ஆகவே சந்தையில் போலிகள் மலிந்திருப்பதும் அதற்குத்தான். 1894-95 சீனப் போருக்கான பதக்கத்திற்கும் தனிக் கதை உண்டு: சீனரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கிய வெண்கலத்தில் அடித்தார்களாம். ஆண்டுக் கணக்கையும் அவர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். மெய்ஜி ஆண்டோடு 1867, தைஷோ ஆண்டோடு 1911, ஷோவா ஆண்டோடு 1925 கூட்டினால் நம் ஆண்டு வரும். மெய்ஜி 37 என்று பொறித்திருந்தால் அது 1904, இரஷ்யப் போர். பதக்கம் விற்க வருவோர் சொல்லும் ஆண்டும், அதில் பொறித்த ஆண்டும் ஒத்துவராத இடங்களில் பல கதைகள் உதிர்ந்துவிடுமாம்.

ஜப்பானியப் படைப் பதக்கங்களாக விற்கப்படுபவற்றுள் பல, செஞ்சிலுவைச் சங்க உறுப்பினருக்கான வெள்ளிச் சின்னங்களே என்றும் சொன்னார். பீனிக்ஸ் பறவையும் சிலுவைக்குறியும் உள்ள அவற்றைப் போர்க்களமே காணாத குடிமக்களும் பெற்றார்கள்.

இந்தியர் ஜப்பானிய விருது பெற்றதில்லை என்று எவரும் எண்ணிவிடவேண்டாம். தோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றத்தில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி இராதாவினோத் பாலுக்கு 1966-இல் பேரரசர் புனிதக் கருவூல விருதின் முதல் வகுப்பை அளித்தார். அது ஏட்டில் பதிவானது. நேதாஜியின் ஆசாத் ஹிந்த் இயக்கத்திற்கோ தனிப் பதக்கங்கள் இருந்தன. அவை ஐரோப்பாவில், வியன்னா நகரப் பட்டறை ஒன்றில் செய்யப்பட்டவை. போர் முடிந்தபின்னும் அப்பட்டறையிலிருந்து சேகரிப்போருக்காகப் பல வெளிவந்தமையால், இன்று எது அக்காலத்தது, எது பிற்காலத்தது என்று நிபுணரே தடுமாறுகின்றனர்.

எல்லாம் சரி, சீனப் போரில் ஒரு ஜப்பானியச் சிப்பாய் அணிந்த பதக்கம் கும்மிடிப்பூண்டிக்கு எப்படி வந்தது?

பொறியாளர் ஓரளவு வழி காட்டினார். 1941 டிசம்பரில் மலேயாவுக்குள் இறங்கி, 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரைக் கைப்பற்றிய படைகளுள் ஐந்தாம் டிவிஷனும் பதினெட்டாம் டிவிஷனும் முன்னரே சீனத்தில் போரிட்டவை. அச்சிப்பாய்களின் மூட்டைகளில் இப்பதக்கம் இருந்திருக்கும். ஆனால் பெரியவர்? அன்றிரவு நாம் ஆலயத்தின் பழைய பதிவேடுகளைத் திறந்தோம். இதை ஜூலையிலேயே செய்திருக்கவேண்டும். நம் படுக்கையிலிருந்து இருபதடி தூரத்தில் அலமாரி இருக்கிறது.

1948-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவேட்டில், அக்காலப் பங்குக் குரு இலத்தீனில் ஓரக்குறிப்பு எழுதியிருந்தார்: மணமகன் மலேயாவிலிருந்து திரும்பியவர், அங்கே திருமணம் ஆகவில்லை என்று சாட்சிகள் உறுதி கூறினர். அதற்கு முந்திய ஆண்டின் பூசைக் கருத்துக் குறிப்பேட்டில் அவர் பெயரால் ஒரு வரி. 1943-இல் சயாமில் இறந்த தம்பியின் ஆன்மாவுக்காக. அவ்வளவே.

சயாம், 1943. இவ்விரு சொற்களும் போதும். தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் நீளத்திற்கு, காட்டையும் மலையையும் அறுத்து, 1942-இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபருக்குள் ஜப்பானியர் போட்ட இருப்புப்பாதைதான் அது. ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகள் அதில் வேலை வாங்கப்பட்டு 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைப் பற்றி நூல்களும் திரைப்படமும் உண்டு. அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆசியத் தொழிலாளரைப் பற்றி உலகம் அவ்வளவாகப் பேசவில்லை. மலேயாவின் தோட்டங்களிலிருந்து நல்ல கூலி, சில மாத வேலை என்று சொல்லியும், பின்னர் வளைத்துப் பிடித்தும் லாரிகளிலும் சரக்குப் பெட்டிகளிலும் ஏற்றப்பட்ட தமிழர்கள் பல்லாயிரவர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைக் கொன்றன. காஞ்சனபுரியில் நேசநாட்டு வீரர் கல்லறைத் தோட்டத்தில் 7,000 பேர் அளவில் பெயர்க்கல்லின் கீழ் உறங்குகின்றனர். நம்மவர்க்குப் பெயர்க்கல் இல்லை. அவர்கள் நினைவாகத் தமிழர் முயற்சியால் அங்கே ஒரு நடுகல் எழுந்ததே 2023-இல்தான்.

மறுநாள் பதிவேட்டைக் கையிலெடுத்துக்கொண்டு அவ்வீட்டிற்குச் சென்றோம். சயாமில் இறந்த சிற்றப்பாவைப் பற்றிக் கேட்டதும் மூதாட்டி திகைத்தார். "அந்தப் பேரை வீட்டுல யாரும் சொல்லமாட்டாங்க, சாமி. அப்பா அழுவாரு" என்றார். பிறகு நாம் கேளாமலே பதக்கத்தைப் பற்றிச் சொன்னார்.

போர் முடிந்து, ஜப்பானியர் சரணடைந்த காலம். அவருடைய தந்தை எலும்பும் தோலுமாய்ப் பாதையிலிருந்து மீண்டு, தோட்டத்து லயத்தில் இருந்தார். ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்தார். காவலில் வேலை செய்ய அழைத்துவரப்பட்ட ஜப்பானியச் சிப்பாய் ஒருவன், வேலியோரமாய் வந்து சாடை காட்டிச் சோறு கேட்டான். தந்தை தம் பங்கிலிருந்து ஒரு தகரக் குவளை சோறு கொடுத்தார். அவன் சட்டைக்குள்ளிருந்து இதை எடுத்து நீட்டினான். விற்பதற்கன்று, திரும்ப வந்து மீட்டுக்கொள்வேன் என்பதுபோல் கையைக் காட்டினான். மறுநாள் அவர்களை வேறிடத்திற்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"அப்பா ஒரே ஒரு தடவைதான் சொன்னாரு. இது நம்மளது இல்ல, அடகு. வந்து கேட்டா குடுத்துடணும்னாரு. அவன் ஆளுங்கதானே சித்தப்பாவைக் கொன்னாங்கன்னு அம்மா சண்டை போட்டாங்க. அதுக்கு அவரு பதில் சொல்லல."

"இதை நீங்கள் முன்னரே சொல்லியிருக்கலாமே, அம்மா?" என்றோம், சற்றுக் கடுமையாகவே.

"சொல்லத்தான் வந்தேன், சாமி. நீங்க மைக்குல பேசிக்கிட்டிருந்தீங்க."

நாம் வாயடைத்துப் போனோம். மேசை அறையிலிருந்த கடிதத்தை அன்றே கிழித்தோம். தம்பிக்கு அது எளிதாக இல்லை; மறைப்பதற்கில்லை. "கதையைக் கொஞ்சம் மாற்றினால் யாருக்கு என்ன நட்டம், ஃபாதர்? தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். வாங்குகிறவன் பணக்காரன். என் பிள்ளை கட்டணம் கட்டவேண்டும்" என்று அவர் கேட்டதற்கு உடனே தக்க விடை நம்மிடம் இல்லை. தந்தையின் கல்லறை நம் தோட்டத்தில் இருக்கிறது, சிற்றப்பாவினுடையது எங்கேயென்று தெரியாது, அவரை இரண்டாம் முறையும் புதைக்க நாம் கையொப்பமிட முடியாது என்று மட்டும் சொன்னோம். அவர் கோபத்தோடு எழுந்து போனார். இரண்டு ஞாயிறுகள் பூசைக்கு வரவில்லை. கட்டணத்தின் ஒரு பகுதியை வின்சென்ட் தே பால் சபையாரும், மீதியை அவர் தொழிற்சாலைக் கூட்டுறவுச் சங்கத்துக் கடனும் ஈடுசெய்தன. அக்கடனை அவர் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

செப்டம்பர் முதல் ஞாயிறன்று ஒலிபெருக்கியில் நம் தவற்றைச் சொன்னபோது எவரும் கைதட்டவில்லை. ஆனால் பூசை முடிந்ததும் ஆரம்பாக்கத்திலிருந்து வரும் ஒரு குடும்பத்தார், தங்கள் பாட்டனாரின் பதக்கத்தைக் கொண்டுவந்து காட்டினர். முதல் உலகப் போரின் பிரித்தானியப் பதக்கம். வெள்ளியில் அன்று, வெண்கலத்தில். கூலிப் படையினருக்கு அப்போது வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள். வெள்ளி இல்லையே, போலியோ என்று அஞ்சி வெளியே காட்டாமல் வைத்திருந்தார்களாம். விளிம்பைத் திருப்பினோம். எண்ணும் பெயரும் படைப்பிரிவும் சிறு எழுத்துகளில் அப்படியே இருந்தன. அக்குடும்பத்துச் சிறுமி தன் கொள்ளுப்பாட்டனாரின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

இவ்விளிம்பு எழுத்தே பிரித்தானியப் பதக்கங்களில் பெருஞ்சான்று. இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையினருக்கு வழங்கிய விண்மீன்களிலும் பதக்கங்களிலும் பலவற்றில் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். ஆகவே உங்கள் இல்லத்தில் பர்மா விண்மீன் இருந்தால் அதன் பின்புறத்தைப் பாருங்கள். அதன் நாடாவில் நடுவே சிவப்பும், இருபுறமும் கருநீலமும், நீலத்தின் நடுவே செம்மஞ்சள் கோடும் இருக்கும். ஜப்பானியப் போர்ப் பதக்கங்களில் பெயர் பொறிப்பதில்லை. உடன் வழங்கிய காகிதச் சான்றில்தான் பெயர் உண்டு. காகிதம் போனால் உரியவர் யார் என்பதும் போயிற்று. பதக்கத்தைப் பத்திரப்படுத்துவோர் பலர், அதைச் சுற்றியிருந்த தாளைக் குப்பையில் எறிந்துவிடுகின்றனர். பெட்டியையும் தாளையும் கிழிந்த நாடாவையும் எறியாதீர்கள். புது நாடா தைக்காதீர்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், கடையில் விற்கும் மெருகு எண்ணெய் எதுவும் வேண்டா. வெண்கலத்தின்மேல் காலம் படியவிட்ட பழுப்புத் தோலே அதன் வயதுக்குச் சாட்சி. ஈரமில்லாத பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும். நூறாண்டு கடந்த பதக்கமானால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் அதன்மேல் பாயும். வெளிநாட்டுக்கு விற்று அனுப்புவது குற்றமாகும். ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். பழைய படைப் பதக்கங்களோடு, 1914-இல் எம்டன் கப்பல் சென்னைமேல் வீசிய குண்டின் துண்டையும் அங்கே காணலாம்.

பொறியாளர் ஊர் திரும்புமுன் மீண்டும் ஒருமுறை வந்தார். பதக்கத்தை அவரிடமே ஒப்படைத்து, உரியவன் குடும்பத்தைத் தேடச் சொல்லவேண்டும் என்பது மூதாட்டியின் விருப்பம். பெயரில்லாத பொருளுக்கு உரியவரைக் கண்டுபிடிக்க இயலாது என்று அவர் இளைஞர் வாயிலாக விளக்கினார். மூதாட்டிக்கு நம்பிக்கை வரவில்லை. இத்தனை படித்தவருக்கு இது தெரியாதா என்பதுபோல் பார்த்தார். பொறியாளர் எழுந்து, நம் நாட்டு முறையிலேயே அவருக்குக் கைகூப்பினார். மூதாட்டி அவரை உட்காரவைத்துச் சோறு போட்டார்.

இம்மாதம் 2-ஆம் நாள், மரித்தோர் நினைவு நாள் பூசையில் சயாமில் இறந்த அந்தத் தம்பியின் பெயரையும் வாசித்தோம். 1947-க்குப்பின் அப்பெயர் நம் ஆலயத்தில் ஒலித்தது அதுவே முதல் முறை. உருக்காலைத் தம்பியும் வந்திருந்தார். பூசை முடிந்து வெளியே வருகையில் மூதாட்டி நம் அருகில் வந்து, டப்பாவைத் தம் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைத்துவிட்டதாகவும், வரும் பாஸ்குவுக்கு மருமகள் கையில் புளியோடு அது சிக்காது என்றும் தாழ்ந்த குரலில் கூறினார்.